ஒரு நாளும் தாமதமாகாத விமானம்

பாண்டிநாடு ஏர்வேஸ் கம்பெனியின் இரண்டு போயிங் விமானங்களையும், அவற்றை வாடகைக்கு விட்டிருந்த வெள்ளைக்காரர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போனது தொண்ணூற்றேழாம் வருஷம் சித்திரையில். மறுநாளும் கம்பெனி வழக்கம்போலத் திறந்தது. காலை விமானம் குறித்த நேரத்துக்குப் புறப்பட்டதாகப் பலகையில் எழுதினார்கள்.

அப்படி எழுதாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். சேவை நின்றுபோனால் அனுமதி ரத்து என்பது அரசாங்க விதி. சேவை என்றால் என்னென்ன என்று பார்க்க, ஆபரேஷன்ஸ் மேனேஜர் குமரப்பன் விதிப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒரு முழுப் பகலும் படித்தார். கால அட்டவணை இருக்க வேண்டும், ஊழியர்கள் சீருடையில் இருக்க வேண்டும், பயணிகளுக்கு அறிவிப்புச் செய்ய வேண்டும், விமானிகள் இருவராக அமர வேண்டும் என்றெல்லாம் இருந்தது. விமானம் வேண்டும் என்று எங்கேயும் இல்லை. எழுதியவர்களுக்கு அதைத் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது.

சேர்மன் உடையப்பன் மெட்ராஸ் ஆபீசைக் காலி செய்து, தலைமையகத்தைக் கண்டனூரில் ஒரு பெரிய வீட்டுக்கு மாற்றினார். அந்த வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வந்து போகிறவர்கள். வௌவால் குடியிருப்பதற்கு ஒரு விமானக் கம்பெனி குடியிருந்துவிட்டுப் போகட்டும் என்று சாவியைக் கொடுத்துவிட்டார்கள்.

கோ-பைலட் அந்தோணி பிரபுவுக்கு இதில் அதிர்ஷ்டம் அடித்துவிட்டதாகச் சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். காரைக்குடி செக்காலையில் அவனுக்கு வீடு. மனைவி மெர்சி அங்கேயே பள்ளிக்கூட டீச்சர். வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு விமானம் ஓட்டப் போகும் உத்தியோகம் யாருக்கு வாய்க்கும்? பிரபு தினமும் வெள்ளைச் சட்டையும் தோளில் மூன்று தங்கப் பட்டைகளுமாக டிவிஎஸ் ஃபிப்டியில் கிளம்பினான். புதுவயல் ரயில்வே கேட்டில் நிற்கும்போது யாராவது ஒருத்தர் பக்கத்தில் வந்து, "தையில ஒரு கல்யாணம் இருக்கு தம்பி, ஒங்க பேண்டு செட்டு எவ்வளவு கேப்பீக?" என்பார்.

வீட்டின் நடுவே வானம் பார்த்த வளவில்தான் விமான சேவை நடந்தது. முப்பது பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவற்றுக்கு முன்னால் இரண்டு மர நாற்காலிகள். அதுதான் காக்பிட். எதிரே ஒரு அட்டையில் கருவிகள், பிடிகள், விளக்குகள் அத்தனையும் ஸ்கெட்ச் பேனாவால் வரையப்பட்டிருந்தன. வரைந்தவர் கேப்டன் தேனப்பன். ஐம்பத்தெட்டு வயது. நாச்சியாபுரத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டு, செக் லிஸ்டின் ஒரு வரியைக் கூட விடாமல் கேட்பார். வலது பக்கம் பிரபு உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். பின்னால் ரோகிணி என்ற பணிப்பெண் காலி நாற்காலிகளைப் பார்த்துக் கைகூப்பி வரவேற்பாள். பிறகு ஐம்பது நிமிஷம் எல்லோரும் மதுரையிலிருந்து மெட்ராஸுக்குப் பறப்பார்கள். மத்தியானம் அதேபோலத் திரும்பி வருவார்கள்.

பிரபு முதல் வாரம் சிரித்தான். இரண்டாவது வாரம் கேப்டன் தேனப்பன் அவனைப் பார்த்து, "தம்பி, சிரிக்கிறதா இருந்தா தரையில வச்சுச் சிரி. இப்ப மேல இருக்கோம்" என்றார். அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. அதற்குப் பிறகு அவன் சிரிக்கவில்லை.

ஆனி மாதம் டெல்லியிலிருந்து ஓர் ஆய்வு அதிகாரி வந்தார். இதோடு எல்லாம் முடிந்துவிடும் என்று பிரபு நினைத்தான். அதிகாரி ஓரமாக ஒரு நாற்காலி கேட்டு வாங்கி உட்கார்ந்து, மெட்ராஸ் வரைக்கும் பறந்தார். வழியில் தூங்கினார். இறங்கியதும் இரண்டு குறைகளைச் சொன்னார். அவசர வழி என்ற பலகை இந்தியில் இல்லை. தண்ணீர் டம்ளர் எவர்சில்வராக இருக்கக் கூடாது. மற்றபடி சேவை திருப்தி. போகும்போது, தான் இதுவரை பறந்ததிலேயே ஆட்டம் அசைவு இல்லாத பயணம் இதுதான் என்று சேர்மனின் கையைப் பிடித்துப் பாராட்டிவிட்டும் போனார்.

அந்த மாதக் கடைசியில் சேர்மன் ஊழியர் கூட்டம் போட்டுப் பேசினார்.

"சித்திரைக்கு முன்னாடி நம்ம பேரு என்னா பேரா இருந்துச்சு? லேட்டு, லேட்டு, லேட்டு. இன்னைக்கு? ஒரு ஃப்ளைட்டு லேட் இல்ல. ஒரு பெட்டி தொலையல. ஒரு பயணி புகார் குடுக்கல. பெட்ரோல் செலவு ஒரு சொட்டு இல்ல. இதையே ரெண்டு விமானத்த வச்சுக்கிட்டு ஏழு வருசமா நம்மளால செய்ய முடியல. விமானம் இருந்தா யாரு வேணும்னாலும் ஏர்லைன்ஸ் நடத்தலாம். இல்லாம நடத்துறதுதான் நிர்வாகம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். கேப்டன் தேனப்பன் மட்டும் தட்டவில்லை. அவர் அடுத்த விமானத்துக்குத் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டிருந்தார்.

பிரபு சத்தமில்லாமல் வெளிநாட்டுக்கு எழுதிப் போட்டான். வளைகுடாவில் ஒரு நாட்டின் ஏர்லைன்ஸ், ஒப்பந்த விமானிகளை எடுத்துக்கொண்டிருந்தது. ஆடியில் பம்பாயில் ஓர் ஓட்டலில் வைத்துக் கேள்வி கேட்டார்கள். ஆவணியில் ஒப்பந்தம் வந்தது. இரண்டு வருஷம். முதல் வருஷம் குடும்பத்தை அழைத்துப் போகக் கூடாது. கம்பெனி எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் நிறுத்தலாம். விமானி விலகுவதாக இருந்தால் ஆறு மாதம் முன்னால் சொல்ல வேண்டும், காரணத்தையும் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் கம்பெனிக்குப் பிடிக்கவும் வேண்டும்.

மெர்சி பரீட்சைத் தாள் திருத்தும் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து முழுவதையும் படித்தாள்.

"ஏங்க, இதுல நம்ம இஷ்டம்னு ஏதாச்சும் ஒரு வரி இருக்கா?"

"இருக்கே. கடைசி வரி."

"அது கையெழுத்துப் போடுற எடம்."

"அது ஒண்ணுதான் நம்ம இஷ்டம்."

அவள் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் மூன்று வயது மகள் பெல்சி, அப்பாவின் தொப்பியில் பொம்மையைப் படுக்க வைத்துக்கொண்டிருந்தாள். ஒரு வருஷம் அவளைப் பார்க்க முடியாது. ரெண்டு வருஷத்துக்குள் அந்த ஊர்க்காரப் பையன்கள் ஓட்டக் கற்றுக்கொண்டுவிட்டால் இவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இங்கேயே இருந்தால் சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம். இருக்கிறதா, போகிறதா என்று புரட்டாசி முழுவதும் பேசினார்கள். பேச்சு ஒவ்வொரு தடவையும் கிளம்பின இடத்துக்கே வந்து நின்றது.

முடிவு வேறு எங்கோ ஆயிற்று. ஐப்பசி முதல் மழையன்று, குமரப்பன் அவசரகாலப் பயிற்சி ஒன்று வைத்தார். வளவின் நடுவே மழை கொட்டிக்கொண்டிருந்தது. விமானம் மேலேறிக்கொண்டிருக்கும்போது, அவர் தூணுக்குப் பின்னால் நின்றபடி, "வலது இன்ஜின்ல தீ!" என்று கத்தினார்.

கேப்டன் தேனப்பன் குரலை உயர்த்தாமல் கட்டளைகளைச் சொல்ல ஆரம்பித்தார். பிரபுவின் கை அட்டையை நோக்கிப் போயிற்று. இந்த வேலையை அவன் தூக்கத்தில் எழுப்பினாலும் செய்வான். வேகத்தைக் குறை. எரிபொருளை அடை. தீயணைக்கும் பிடியை இழு. இழுத்தான்.

தேனப்பன் அவன் கையைப் பார்த்தார். பிரபுவும் பார்த்தான்.

அவன் விரல்கள் இருந்தது இடது இன்ஜின் பிடியின் மேல். தீப்பிடித்த இன்ஜினை விட்டுவிட்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த இன்ஜினை அவன் நிறுத்தியிருந்தான். காகிதத்தில் வரைந்த பிடி என்பதால் ஒன்றும் நடக்கவில்லை.

குமரப்பன் குறித்துக்கொண்டார்: பயிற்சி வெற்றி, சேதம் இல்லை.

அன்று பிரபு வண்டியைத் தள்ளிக்கொண்டே புதுவயல் வரை நடந்தான். ஓட்டக் கை வரவில்லை. இன்னும் கொஞ்ச காலம் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் தான் விமானியாக இருக்கப் போவதில்லை என்பது, யாரோ பக்கத்தில் வந்து சொன்னது போலத் தெரிந்துவிட்டது.

மறுநாள் குமரப்பனிடம் போய், வெளிநாட்டுக்காரர்கள் பறந்த அனுபவத்துக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள் என்றான். குமரப்பன் தடுப்பார் என்று பயந்திருந்தான். அவரோ மறுபேச்சுப் பேசாமல் டைப் அடித்து, பம்பாய்க்கும் ஒரு நகலை ஃபேக்ஸில் அனுப்பிவிட்டு, அவனிடம் கொடுத்தார். சித்திரையிலிருந்து ஐப்பசி வரை பிரபு போயிங்கில் முந்நூறு மணி நேரத்துக்கு மேல் பறந்திருப்பதாகச் சான்றிதழ் சொன்னது.

"சார், நான் பறக்கலையே."

"தெனமும் பறந்தீகளே. நானே பாத்தேன்."

வீட்டில் மெர்சி அந்தக் காகிதத்தை மேசையில் வைத்தாள்.

"சொல்லாமப் போனா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாமலும் இருக்கலாம். அங்க லேசா ஒரு டெஸ்ட் வச்சுட்டு ஏத்தி விட்ருவாக."

"பெறகென்ன?"

"நேத்து தப்பு இன்ஜின இழுத்துட்டேன் மெர்சி. இங்க பின்னாடி ரோகிணி மட்டுந்தான் இருந்துச்சு. அங்க நூத்தம்பது பேரு இருப்பாக."

மெர்சி காகிதத்தை மடித்து வைத்தாள். பிறகு எழுந்து செருப்பைப் போட்டாள். "வாங்க, போன் பண்ணுவோம்."

எஸ்டிடி பூத்தின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருவரும் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். பம்பாயில் அந்த ஏர்லைன்ஸுக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் ஆங்கிலத்தில் உற்சாகமாகப் பேசினார். கடைசியாக எப்போது பறந்தீர்கள் என்று கேட்டார். பிரபுவின் தலைக்கு மேல் மீட்டரின் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன. மெர்சியின் கை அவன் முழங்கையைப் பிடித்திருந்தது.

"சித்திரையில். ஏப்ரல் மாதம்," என்றான்.

எதிர்முனையில் காகிதம் புரளும் சத்தம். "சான்றிதழில் நேற்று வரை பறந்ததாக இருக்கிறதே?"

"அது நாற்காலி."

ஏஜென்ட் மறுபடி காகிதத்தைப் புரட்டினார். உங்கள் கம்பெனியிலிருந்து ஏற்கெனவே நான்கு பேர் வந்து சேர்ந்துவிட்டார்கள், அவர்கள் யாருக்கும் இப்படி ஒரு குழப்பம் வரவில்லையே என்றார். அவர்கள் இப்போது விமானம் ஓட்டுகிறார்களா என்று பிரபு கேட்டான். தினமும் ஓட்டுகிறார்கள் என்று பதில் வந்தது. துபாயில் வேலை பார்க்கும் மச்சான் ஊருக்கு எந்த விமானத்தில் வருகிறான் என்று உடனே விசாரிக்க வேண்டும் போலிருந்தது பிரபுவுக்கு.

"எங்களுக்கு எது உண்மை என்பதில் ஆட்சேபணை கிடையாது," என்றார் ஏஜென்ட் கனிவாக. "பறக்கவில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. மறுபடி பயிற்சி கொடுத்து, கீழ்ப் பதவியில் சேர்த்துக்கொள்வோம். ஆனால் நீங்கள் சொல்வதும் உங்கள் கம்பெனி எழுதுவதும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறு வேறாக இருந்தால் நீங்கள் நம்பத்தகாதவர். இந்த வாரத்துக்குள் சரி செய்யுங்கள்."

நான் பறக்கவில்லை என்று எழுதிக் கொடுங்கள் என்று பிரபு குமரப்பன் முன்னால் போய் நின்றபோது, அவர் முகம் வெளிறிவிட்டது.

"வெளையாடுறீகளா? நீங்க பறக்கலைன்னா அந்த ஃப்ளைட்டுல எல்லாம் கோ-பைலட் இல்லைன்னு ஆகும். கோ-பைலட் இல்லாம போயிங் பறக்குறது எவ்வளவு பெரிய ஆபத்து தெரியுமா? எத்தன உசுரு!"

விஷயம் சேர்மனுக்குப் போயிற்று. விசாரணைக் கமிஷன் அமைத்தார்கள். சேர்மனும் குமரப்பனும் கமிஷன். ரோகிணி குறிப்பெடுத்தாள். வளவில் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு, பிரபுவை ஒரு பக்கமும் கேப்டன் தேனப்பனை இன்னொரு பக்கமும் நிறுத்தினார்கள். குற்றச்சாட்டை வாசித்தார் குமரப்பன்: ஆகாயத்தில் பறந்துகொண்டிருந்த விமானத்துக்குள் இல்லாமல் இருந்தது.

"சார், விமானமே இல்லையே," என்றான் பிரபு.

"இந்தக் கமிஷன் அதப் பத்தி விசாரிக்க அமைக்கப்படல," என்றார் சேர்மன். "தம்பி, நான் கோவப்படல. வருத்தப்படுறேன். இந்தக் கம்பெனி எதுல நிக்குது? நம்பிக்கையில நிக்குது. வேற எதுலயும் நிக்கல, அது ஒனக்கே தெரியும். நீ அதுல போயிக் கைய வைக்கலாமா? நாளைக்கு ஒரு பயணி வந்து கேட்டா நான் என்னன்னு பதில் சொல்றது?"

"எந்தப் பயணி சார்?"

சேர்மன் குமரப்பனைப் பார்த்தார். குமரப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேப்டன் பக்கம் திரும்பினார்.

"கேப்டன், சித்திரையிலேருந்து வலது பக்க சீட்டுல பிரபு இருந்தாரா, இல்லையா? யோசிச்சுச் சொல்லுங்க. இருந்தாருன்னா, கம்பெனி மேல பொய் சொன்னவருன்னு அவரு மேல நடவடிக்கை. சர்டிபிகேட்டு அப்படியே நிக்கும். இல்லைன்னா, ரெண்டு பேரு ஓட்ட வேண்டிய விமானத்த நீங்க ஒத்தையா ஓட்டியிருக்கீக. ஒங்க மேல நடவடிக்கை."

பிரபு கேப்டனைப் பார்த்தான். இந்த மனுஷன் ஒரு வார்த்தை பிசகாதவர். ஆறு மாதமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவனை இல்லை என்று எப்படிச் சொல்வார்? இருந்தான் என்றால் அவன் பொய்யன். வேலையும் போய், பம்பாயும் போய், அந்த முந்நூறு மணி நேரம் மட்டும் அவன் தலையில் நிற்கும். தேனப்பன் அவனைப் பார்க்கவில்லை. காக்பிட்டின் இரண்டு நாற்காலிகளையும் பார்த்துக்கொண்டே நின்றார். ரோகிணியின் பேனா நின்றுவிட்டது. மேலே ஓட்டு விளிம்பிலிருந்து மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"காலி," என்றார் தேனப்பன்.

"என்ன காலி?"

"வலது பக்க சீட்டு. நான் ஒத்தையாத்தான் ஓட்டினேன்."

"அத்தன ஃப்ளைட்டையுமா?" என்றார் சேர்மன்.

"அத்தனையும்."

சேர்மன் நாற்காலியில் சாய்ந்தார். "ஒண்ணுகூட லேட்டாகலையே கேப்டன்!" என்றபோது அவர் குரலில் பெருமை தாங்கவில்லை.

அன்று சாயங்காலமே தீர்ப்பு வந்தது. அந்தோணி பிரபு சித்திரை முதல் ஒரு விமானத்தில்கூடப் பறக்கவில்லை என்பது ஐயமற நிரூபணமாகிவிட்டதால், முன்பு கொடுத்த சான்றிதழ் ரத்து. அவன் டிஸ்மிஸ். கேப்டன் தேனப்பன் ஒரு மாதம் பறக்கத் தடை.

வாசலில் பிரபு அவரைப் பிடித்துக்கொண்டான். கையில் டிஸ்மிஸ் உத்தரவு. அவன் கேட்ட உண்மையை, கம்பெனி தன் சீல் குத்தி, சேர்மன் கையெழுத்தோடு எழுதிக் கொடுத்திருந்தது.

"கேப்டன், ஏன் அப்படிச் சொன்னீக?"

"ஒனக்கு வேண்டியது கெடச்சிருச்சுல்ல? அப்பறம் என்ன கேள்வி?"

"ஒங்களத் தடை பண்ணிட்டாகளே."

தேனப்பன் தொப்பியைக் கழற்றிப் பைக்குள் வைத்தார். அதை வைப்பதற்கு அவருக்கு நேரம் பிடித்தது. "முப்பத்திரண்டு வருசத்துல என்னைய ஒருத்தன் தரையில ஒக்கார வச்சது கெடையாது," என்றார். கண்ணோரம் ஈரமாகியிருந்தது. உண்மையாகவே அவருக்கு வலித்தது என்பதைப் பார்க்கப் பிரபுவுக்குப் பயமாகக்கூட இருந்தது.

"நீங்களும் அங்க எழுதிப் போடுங்களேன்."

"அம்பத்தஞ்சுக்கு மேல எவன் எடுக்குறான்? நான் இந்த நாற்காலிய விட்டா என் வீட்டு நாற்காலிதான். இங்கயாவது எதிர்ல ஒரு அட்டை இருக்கு." நாச்சியாபுரம் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டார். "பிரபு, ஒண்ணு செய்வியா? இன்ஜின் எடுக்கும்போது சீட்டுக்கு அடியில ஒரு நடுக்கம் வருமே, முதுகுத்தண்டு வரைக்கும் ஏறும். இங்க எல்லாம் சரியாத்தான் இருக்கு, அது மட்டும் வர மாட்டேங்குது. அங்க போயி அது வந்துச்சுன்னா எனக்கு ஒரு போன் போடு."

உத்தரவை ஃபேக்ஸில் அனுப்பியதும் ஏஜென்ட் மனம் மகிழ்ந்து பேசினார். நீங்கள் சொன்னதும் கம்பெனி எழுதியதும் அட்சரம் பிசகாமல் ஒத்துப்போகிறது, டிஸ்மிஸ் ஆன காரணம் எங்களுக்கு முக்கியமில்லை என்றார். புது ஒப்பந்தம் வந்தது. கீழ்ப் பதவி, குறைந்த சம்பளம், அதே விதிகள், அதே கடைசி வரி.

"அங்க நெசமாவே விமானம் இருக்கான்னு கேட்டீகளா?" என்றாள் மெர்சி.

"கேட்டேன். இருக்காம். வாசல்ல ஏழு நிக்குதாம்."

அவள் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். சிவப்புப் பேனா என்று பார்த்துவிட்டு, எழுந்துபோய் நீலத்தைத் தேடி எடுத்து வந்தாள். பெல்சியைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அவன் கையெழுத்துப் போட்டான். குழந்தை தானும் போடுவேன் என்று அடம்பிடித்து ஓரத்தில் ஒரு கோடு இழுத்தது. அதற்கும் ஏர்லைன்ஸ் ஆட்சேபணை சொல்லவில்லை.

அங்கே போய், பயிற்சியெல்லாம் முடிந்து, மாசியில் ஒரு நாள் உண்மையான போயிங்கின் வலது பக்க சீட்டில் அவனை உட்கார வைத்தார்கள். பின்னால் குழந்தைகள் அழும் சத்தமும், யாரோ மலையாளத்தில் சண்டை போடும் சத்தமும் கேட்டன. இன்ஜின் எடுத்தது. நடுக்கம் காலிலிருந்து ஏறி முதுகுக்கு வந்தபோது, அவன் அடுத்த வரியைச் சொல்ல ஒரு நொடி பிந்தியது. கேப்டன் திரும்பிப் பார்த்தார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் தொடர்ந்தான்.

இறங்கியதும் விமான நிலையத்திலிருந்தே நாச்சியாபுரத்துக்குப் போன் போட்டான். தேனப்பனே எடுத்தார்.

"வந்துச்சா?"

"வந்துச்சு கேப்டன்."

எதிர்முனையில் வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. லைன் அறுந்துவிட்டது என்று நினைத்து, "கேப்டன்?" என்றான்.

"இருக்கேன், இருக்கேன். மெர்சிக்குப் பேசிட்டியா? மொதல்ல அதுக்குப் பேசு. சரி, வச்சிரவா? தடைய எடுத்துட்டாக. காலையில எனக்கு ஃப்ளைட்டு இருக்கு. சீக்கிரம் படுக்கணும்."